கொடுத்த கை எது? (கொடை வரியின் கதை – 6)

இதுவரை...

1953 அக்டோபரில் மரண வரி அமலுக்கு வந்தது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்துக்குக் கணக்குப் பார்க்கப்பட்டது. மிதாக்ஷரா முறையைப் பின்பற்றும் கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரின் பங்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி. மற்றவர்களுக்கு வரம்பு 1 லட்சம். ஆனால் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்து முடித்த சொத்தை அந்தச் சட்டத்தால் தொட முடியவில்லை.

வசதியுள்ள குடும்பங்கள் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ள நாளாகவில்லை. உடலில் தெம்பு இருக்கும்போதே மகன் பேரில் ஒரு வீடு, மருமகள் பேரில் ஒரு தோட்டம், பேரன் பேரில் கொஞ்சம் கம்பெனிப் பங்குகள் என்று எழுதி வைத்துவிட்டால் போதும். மரண வரி அதிகாரி வந்து பார்க்கும்போது பெரியவர் பேரில் மிச்சம் எதுவும் இருக்காது.

1956இல், சி.டி.தேஷ்முக் நிதி அமைச்சராக இருந்தபோது, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் இந்த ஓட்டையை அடைக்க ஒரு பொதுக் கொடை வரி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். சென்ற வாரப் பகுதி அங்கே நின்றது.

* * *

பதவி போனது, வரி வந்தது

கால்டரின் திட்டம் ஒரே ஒரு வரியைப் பற்றியது அல்ல. வருமான வரி, மூலதன ஆதாய வரி, செல்வ வரி, செலவு வரி, கொடை வரி என்று ஐந்தும் ஒன்றையொன்று காவல் காக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஒருவர் வருமானத்தை மறைத்தால் அது செல்வமாகத் தெரியும். செல்வத்தைக் குறைத்துக் காட்டினால் செலவாகவோ கொடையாகவோ வெளியே வரும். எங்கே போனாலும் ஒரு கணக்கில் மாட்டும். இதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கிவிடலாம் என்றும் அவர் சொன்னார்.

தேஷ்முக் 1956இலேயே பதவி விலகினார். அடுத்து வந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போனவர், வணிகம் தெரிந்தவர். மூலதன ஆதாய வரியை 1956இலேயே மீண்டும் கொண்டுவந்தார். 1957 மே மாத பட்ஜெட்டில் செல்வ வரியும் செலவு வரியும் வந்தன. கால்டரின் பட்டியலில் பாக்கி இருந்தது கொடை வரி ஒன்றுதான்.

அதற்குள் முந்த்ரா விவகாரம் வெடித்தது. புதிதாகத் தேசியமயமான ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாயைக் கொட்டியிருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பியவர் பெரோஸ் காந்தி, பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி.சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். பட்ஜெட்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

நிதித் துறையைப் பிரதமரே எடுத்துக்கொண்டார்.

1958 பிப்ரவரி 28 அன்று மக்களவையில் பட்ஜெட்டைப் படித்தவர் ஜவாஹர்லால் நேரு. இந்தியாவில் ஒரு பிரதமர் பட்ஜெட் தாக்கல் செய்தது அதுவே முதல்முறை. அந்த உரையில் வந்த முக்கியமான புதிய வரி, கொடை வரி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் அது அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சரானார். மே மாதம் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே இலங்கையும், கால்டரின் ஆலோசனையைக் கேட்டு, செல்வம், செலவு, கொடை மூன்றுக்கும் வரி போடும் சட்டத்தை இயற்றியது.

* * *

கால்டர் கேட்டது ஒன்று, சட்டம் எழுதியது வேறொன்று

இந்தத் தொடரின் பாதி சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. அதனால் சற்று நின்று பார்க்கவேண்டும்.

வரியை வாங்குபவரிடம் வசூலிக்கவேண்டும் என்பது கால்டரின் யோசனை. ஏற்கனவே பெரும் சொத்து உள்ளவர் கையில் இன்னொரு கொடை விழுந்தால் அதிக வரி. ஒன்றுமில்லாதவர் கையில் விழுந்தால் குறைந்த வரி. செல்வம் ஒரே இடத்தில் குவிவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இது நேர்த்தியான வழி.

1958ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பவரைப் பிடித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கொடுப்பவர் பெரும்பாலும் வருமான வரியும் செல்வ வரியும் கட்டுபவர். அவருடைய கோப்பு அதிகாரியின் மேசையில் ஏற்கனவே இருக்கிறது. வாங்குபவர் பள்ளியில் படிக்கும் பேரனாகக்கூட இருக்கலாம். கொடுத்தவரிடம் வசூலிக்க முடியாது என்று தெரிந்தால் மட்டுமே வாங்கியவரிடம் போகலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.

ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரையிலான கொடைக்கு வரி இல்லை. அதற்கு மேல் 4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 40 சதவீதம் வரை ஏறியது. மனைவிக்கோ கணவருக்கோ கொடுப்பதில் மொத்தம் 1 லட்சம் வரை விலக்கு. அந்த வரம்பு பின்னாளில் 50,000 ஆகச் சுருங்கியது. தன்னை நம்பி வாழும் உறவினரின் கல்யாணத்துக்குக் கொடுத்தால், கல்யாணம் ஒன்றுக்கு 10,000 வரை வரி இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு நியாயமான அளவில் கொடுப்பதும் விலக்கில் வந்தது. உயில் வழியாகப் போவதற்கு மரண வரி இருப்பதால் கொடை வரி இல்லை. வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கு நிலம் கொடுத்தாலும் வரி கிடையாது. நடைபயணத்தில் நிலம் கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒருவருக்காக வரிச் சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தின் நம்பிக்கை எதில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சட்டத்தை எழுதியவர்கள் குடும்பங்களின் சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பிடவும் இல்லை. விற்பனைப் பத்திரம், தான செட்டில்மெண்ட், அறக்கட்டளை என்று தெரிந்த வழிகளையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு பெரிய வலையையும் வீசினார்கள். தன் சொத்தின் மதிப்பைக் குறைத்து இன்னொருவர் சொத்தின் மதிப்பைக் கூட்டும் எண்ணத்தோடு ஒருவர் செய்யும் எந்த நடவடிக்கையும் சொத்து மாற்றமே என்றது அந்தப் பிரிவு. நேராகச் செய்தாலும் சரி, சுற்றி வளைத்துச் செய்தாலும் சரி.

இனி யாரும் தப்ப முடியாது என்றுதான் தோன்றியது.

* * *

ஒரு பாகப்பிரிவினை

நேரு பட்ஜெட்டைப் படிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1958 ஜனவரியில், சென்னை மாநிலத்தில் ஒரு குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டது.

குடும்பத் தலைவர் கெட்டி செட்டியார். கூட்டுக் குடும்பத்தில் அவரும் மகனும் பேரன்களும் பங்காளிகள். மொத்தச் சொத்தின் மதிப்பு 8,51,440 ரூபாய். சட்டப்படி பார்த்தால் தந்தைக்குப் பாதி, மகன் கிளைக்குப் பாதி. அதாவது தந்தைக்கு 4,25,720 ரூபாய் வரவேண்டும்.

அவர் எடுத்துக்கொண்டது 1,78,343 ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை மட்டுமே. மிச்சமெல்லாம் மகனுக்கும் பேரன்களுக்கும் போனது.

பாகம் பிரித்த நாளில் கொடை வரி என்று ஒன்று நாட்டில் இல்லை. ஆனால் சட்டம் நிறைவேறியபோது அதன் கை பின்னோக்கி நீண்டது. 1957 ஏப்ரல் 1 முதல் கொடுத்த எல்லாக் கொடைகளும் கணக்கில் வரும் என்றது. ஜனவரியில் எழுதிய பாகப்பத்திரம் அந்த எல்லைக்குள் விழுந்தது.

கொடை வரி அதிகாரி கழித்தல் கணக்குப் போட்டார். 4,25,720 ரூபாயிலிருந்து 1,78,343 போக மீதம் 2,47,377 ரூபாய். வரவேண்டியதை விட்டுக்கொடுத்து, மகனையும் பேரன்களையும் வளப்படுத்தியிருக்கிறார் பெரியவர். இதற்குப் பெயர் கொடை இல்லாமல் வேறென்ன? வரி கட்டவேண்டும்.

அதிகாரியின் பார்வையில் தவறு காண்பது எளிதல்ல. பாகத்துக்கு முன் பெரியவருக்குப் பாதி உரிமை இருந்தது, பாகத்துக்குப் பின் அவரிடம் கால் பங்கைவிடக் குறைவாக இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கோ போயிருக்கவேண்டும். போன இடமும் தெரிகிறது.

ஆனால் அந்தக் கழித்தல் கணக்குக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. அந்த 4,25,720 ரூபாய் எப்போதாவது கெட்டி செட்டியாருடையதாக இருந்ததா?

வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வரித் துறை தோற்றது. துறை விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆண்டுகள் ஓடின.

* * *

மாமனார் மருமகளுக்கு, மகன் தாய்க்கு

இடையில் சென்னையிலிருந்தே இன்னொரு குடும்ப வழக்கு டெல்லியை எட்டியது. இது வருமான வரி வழக்கு. ஆனாலும் நீதிமன்றத்தின் மனப்போக்கைக் காட்டுவதால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

கணவன் மனைவிக்குச் சொத்தைக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானம் கணவன் கணக்கிலேயே சேரும். 1937 முதல் இருக்கும் விதி இது. பெயர்பெற்ற தொழில் குடும்பமான கோத்தாரி குடும்பத்தின் பெண்கள் பெயரில் ஒரு வீட்டில் பங்கு வாங்கப்பட்டது. யாருடைய பணம் யாருக்கு என்பதுதான் விஷயம். மருமகளின் பங்குக்குப் பணம் கொடுத்தவர் மாமனார். மாமியாரின் பங்குக்குப் பணம் கொடுத்தவர் மகன். எந்தக் கணவனும் தன் மனைவிக்கு எதையும் கொடுக்கவில்லை என்று காகிதம் சொன்னது.

1963இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. இரண்டு கொடைகளும் ஒன்றையொன்று நம்பி நடந்தவை, சுற்றிவந்தாலும் கணவன் பணம்தான் மனைவிக்குப் போயிருக்கிறது என்று முடிவு செய்தது. துறைக்கு வெற்றி.

துறையின் நம்பிக்கை வளர்ந்ததில் வியப்பில்லை. நீதிமன்றம் சுற்றுவழியைப் புரிந்துகொள்கிறது என்றால், கெட்டி செட்டியார் வழக்கிலும் வென்றுவிடலாம் அல்லவா?

* * *

ஒரே ஒரு அறிவிப்பு

1970இல் வந்த தீர்ப்பு அந்த நம்பிக்கையை உலுக்கியது.

ஆந்திரத்தைச் சேர்ந்த கோலி ஈஸ்வரய்யா, தன் உழைப்பில் சேர்த்த சொத்தை, இது இனிமேல் கூட்டுக் குடும்பச் சொத்து என்று அறிவித்தார். விற்கவில்லை. எழுதிக் கொடுக்கவில்லை. அறிவித்ததோடு சரி. இந்து சட்டத்தில் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. சுயார்ஜிதச் சொத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமையை ஒருவர் கைவிட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்தில் கலந்துவிடலாம். அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

நேற்றுவரை அவருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது, இன்று குடும்பத்துக்குச் சொந்தம். கொடை வரித் துறை அந்தப் பெரிய வலையை வீசியது. தன் சொத்தைக் குறைத்துப் பிறர் சொத்தைக் கூட்டியிருக்கிறார், வரி கட்டவேண்டும் என்றது.

உச்ச நீதிமன்றம் மறுத்தது. நடவடிக்கை என்றால் இரண்டு பக்கம் வேண்டும். ஒருவர் கொடுக்க, இன்னொருவர் ஏற்கவேண்டும். இங்கே ஏற்றவர் யாரும் இல்லை. ஒருவர் தன் சொத்தின் தன்மையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். சொத்து மாற்றம் நடக்கவில்லை. கொடையும் இல்லை.

வரி ஆலோசகர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய கதவைத் திறந்தது என்பதை விளக்கவே தேவையில்லை. லட்சக்கணக்கில் சம்பாதித்த ஒருவர், ஒரு தாளில் அறிவிப்பு எழுதி, சொத்தைக் குடும்பத்தில் கலந்துவிடலாம். சில ஆண்டுகள் கழித்துப் பாகம் பிரிக்கலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நேரடியாகக் கொடுத்தால் விழும் வரி, இந்த வழியில் விழாது.

* * *

1971

அடுத்த ஆண்டு கெட்டி செட்டியார் வழக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கே.எஸ்.ஹெக்டே.

அவர் கழித்தல் கணக்கைத் தொடக்கூட இல்லை. அதற்கு அடியில் இருந்த நினைப்பைக் கையில் எடுத்தார். பாகம் பிரியும்வரை கூட்டுக் குடும்பத்தில் எந்தப் பங்காளியும் இந்த வீடு என்னுடையது, இந்தப் பாதி என்னுடையது என்று சொல்ல முடியாது. முழுச் சொத்தும் எல்லோருக்கும் பொது. பாகம் என்பது அந்தப் பொது உரிமையைத் தனித்தனி உரிமையாக மாற்றி அமைத்துக்கொள்வது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எதுவும் போவதில்லை. கெட்டி செட்டியாரிடம் 4,25,720 ரூபாய் என்று ஒரு தனிச் சொத்து இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றை அவர் எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

பெரிய வலையும் இங்கே உதவவில்லை. அந்தப் பிரிவும் ஏதோ ஒரு வகையான சொத்து மாற்றத்தைத்தான் குறிக்கிறது, பாகப்பிரிவினை சொத்து மாற்றம் அல்ல என்றார் ஹெக்டே. சமமில்லாத பாகம் என்பதாலேயே அது கொடை ஆகிவிடாது. 13 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாகப்பத்திரம் வென்றது.

இந்து சட்டத்தின் கண்ணோட்டத்தில் இந்தத் தீர்ப்பு உறுதியானது. வயதானவர் தனக்குக் குறைவாக வைத்துக்கொண்டு, வளரும் குடும்பத்துக்கு அதிகம் விடுவது நம் வீடுகளில் என்றும் நடப்பது. தராசு வைத்து நிறுத்தா பாகம் பிரிக்கிறார்கள்? நீதிமன்றம் அந்த வாழ்க்கையை மதித்தது. அதே வேளையில், செல்வம் சில குடும்பங்களில் குவிவதைத் தடுக்க எழுதிய சட்டம், அதே குடும்பங்களின் வாசலில் நின்றுவிட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர ஒத்துக்கொள்வதுதான் நேர்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் போகமுடியாது. இந்தப் பங்காளிகள் எல்லோரும் ஆண்கள். தந்தை, மகன், பேரன். கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் வந்தது 1989இல், நாடு முழுவதற்கும் 2005இல். சமமில்லாத பாகத்துக்கு வரி உண்டா என்று டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்த நாட்களில், அந்த வீடுகளில் பிறந்த பெண்களுக்கு அந்தப் பாகத்தில் இடமே இல்லை.

* * *

ஒரு கதவு மூடியது

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. சுயார்ஜிதச் சொத்தைக் குடும்பத்தில் கலக்கும் வழியை இரண்டு பூட்டுப் போட்டு அடைத்தது. 1969 டிசம்பர் 31க்குப் பிறகு அப்படிக் கலந்த சொத்தின் வருமானம் பழைய உரிமையாளரின் கணக்கிலேயே சேரும் என்று வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்து, அப்படிக் கலப்பதே கொடையாகக் கருதப்படும் என்று கொடை வரிச் சட்டமும் திருத்தப்பட்டது. கோலி ஈஸ்வரய்யா திறந்த கதவு மூடியது.

கெட்டி செட்டியார் திறந்த கதவு திறந்தே இருந்தது. சமமில்லாத பாகம் கொடை ஆகாது என்ற தீர்ப்பு அப்படியே நிலைத்தது.

கொடுத்தவரைத் தேடிப் போகும் சட்டத்துக்கு இது தீராத சங்கடம். கூட்டுக் குடும்பத்தில் கொடுத்த கை எது என்று பிரித்துக் காட்டமுடியாது. வாங்கியவர் கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எப்போதும் எண்ணிவிடலாம். 1956இல் கால்டர் சொன்ன வழியில் போயிருந்தால் இந்த வழக்குகளின் வடிவமே வேறாக இருந்திருக்கும்.

இன்று சட்டம் வாங்கியவரைத்தான் பார்க்கிறது. ஓர் ஆண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து பெற்ற பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானம். உறவினர் கொடுத்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் தான செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். வருமான வரி கிடையாது.

உறவினர் யார் என்பதையும் வாங்குபவர் பக்கத்திலிருந்தே எண்ணுகிறார்கள். அதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. தாய்மாமன் அக்காள் மகனுக்கு 5 லட்சம் கொடுத்தால் வரி இல்லை, ஏனென்றால் தாயின் சகோதரர் உறவினர் பட்டியலில் இருக்கிறார். அதே பிள்ளை வேலைக்குப் போய், வயதான மாமாவுக்கு 5 லட்சம் கொடுத்தால், அது மாமாவின் வருமானமாகக் கணக்கில் சேரும். சகோதரியின் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா மகனும் பெரியப்பா மகளும்கூட இல்லை. உறவு முறைகளை இவ்வளவு நுணுக்கமாகக் கொண்டாடும் ஊரில், இதை அறியாமல் பணம் அனுப்பிவிட்டுப் பின்னால் நோட்டீஸைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பட்டியலைத் திருத்தவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆனால் கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரிடம் சட்டம் திரும்பிய கதை நேராக நடக்கவில்லை. 1970களில் டெல்லி இன்னும் கொடுத்தவரைத்தான் துரத்திக்கொண்டிருந்தது. மரண வரிக்குக் காவலாக நிறுத்திய வரி அல்லவா, அதை அவ்வளவு எளிதில் கைவிட முடியாது.

1985இல் நிதி அமைச்சர் வி.பி.சிங் பட்ஜெட் உரையில் ஓர் அறிவிப்பைச் செய்தார். மார்ச் 16 முதல் மரண வரியே கிடையாது.

காக்கவேண்டிய வரி போய்விட்டது. அப்படியென்றால் காவலுக்கு நின்ற கொடை வரி இன்னும் 13 ஆண்டுகள் யாருக்காக உயிரோடு இருந்தது?

(தொடரும்)